துரை வேடம் கட்டிய எங்கள் அப்பா

எங்கள் அப்பா திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். வெளுத்த தோலும் பூனைக் கண்ணும் இருந்ததால், பேசும் படம் வந்த புதிதில் வெள்ளைக்காரத் துரை வேடத்துக்கு அவரைத்தான் அழைப்பார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்தாவது வரை படித்த எனக்கும் தெரியாது. எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துரைக்கு எப்போதும் சிரிப்புக் காட்சிதான். துரைசாணி அவர் கன்னத்தில் அறைவாள், கொட்டகை சிரிக்கும். அந்நாளில் சத்தத்தைத் தனியாகச் சேர்க்க வழியில்லை. வசனத்தோடு அறையும் மைக்கில் விழ வேண்டும்; ஆகவே நிஜமாகவே அறைவார்கள். சரியாக விழாவிட்டால் மறுபடியும் அறைவார்கள். அப்படித்தான் அப்பாவுக்கு இடது காது போயிற்று. வேறு வேடம் யாரும் தரவில்லை.

அம்மா இறந்த பின், அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் அக்கா அப்பாவையும், துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். இங்கே பொங்கல் விழாவில் அந்தக் காட்சியை நடிக்கச் சொன்னார்கள்.

“வலது காது ஒண்ணுதான் மாப்பிள்ளை பாக்கி,” என்றார் அப்பா.

“ஒரே ஒரு சீன் மாமா. சும்மாதானே வீட்ல உக்காந்திருக்கீங்க,” என்றார் அத்தான்.

துரைசாணியாகக் கவுன் போட்டுக்கொண்டவர் அத்தானோடு டென்னிஸ் ஆடும் நண்பர். ஒப்புக்கொண்ட பின் அப்பாவுக்குத் தொழில் தொழில்தான். “மெதுவா அடிச்சா மைக்ல விழாது தம்பி. நல்லாவே போடுங்க,” என்று அவரே சொன்னார். அடி இடது கன்னத்தில்தான் விழும் என்று நினைத்திருந்தார். நண்பருக்கு இடதுகைப் பழக்கம் என்பதை யாரும் சொல்லவில்லை.

அறை விழுந்தது. “ஒன்ஸ் மோர் அங்கிள்!” என்று கூட்டம் கத்தியது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. தட்டும் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார். நிமிர்ந்தபோது இன்னொன்று விழுந்தது.

அதன்பின் அப்பாவுக்கு எதுவுமே கேட்கவில்லை. கருவி வைத்தும் பயனில்லை. “இனிமே மாமா முன்னாடி என்ன வேணா டிஸ்கஸ் பண்ணலாம்,” என்று அத்தான் சாப்பிடும்போது சொல்வார். அக்காவும் சிரித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பதைக் கண்டு அப்பாவும் சிரிப்பார்.

கடைசிக் காலையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிறரிடம் வாய் திறக்கவே கூசும் நான், அவர் காதில் குனிந்து, நர்ஸ் ஓடிவரும் அளவுக்குக் கத்திப் பேசினேன்.

“இப்பவாவது ஏதாவது சொல்லேண்டா,” என்றார் அப்பா.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியவர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷன் குடும்பங்களுக்கும், வந்து அழுத அந்த நண்பருக்கும் என் நன்றி. இன்று காரியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த விழாவின் வீடியோவைப் போடுவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். சத்தமில்லாமல் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.