ஆறாம் அறையில் கரண்டிச் சத்தம்

இது கதையல்ல. நடந்தது. மலைகள் சாட்சி, என் மகள் சாட்சி. மைக் பிடித்த நாளிலிருந்து இன்றுவரை நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

வேலை நேரத்தைத் தவிர. எனக்குக் கல்யாணங்களைத் தொகுத்து நடத்தும் வேலை. எங்கள் ஊரில் நான் கழுகு என்று வர்ணிக்காத மாப்பிள்ளை கிடையாது. அவர்களில் பாதிப் பேர் கோழி என்பது பந்தியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அந்த ஜனவரி மாதம் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது என் கையில் மைக் இல்லை. மகள்தான் இருந்தாள். அய்பெரி. ஒன்பது மாதம். முதல் நாள் வாந்தியில் ஆரம்பித்தது. பிறகு பேதி, வெறும் தண்ணீராக. நான் ஒரு கல்யாணத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தேன். சரிகை வைத்த வெல்வெட் கோட்டு, வெளிர் சாம்பல் நிறக் கால்சட்டை. மாற்றுத்துணி இல்லை.

நர்ஸ் புருல் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேரு?"

"எமில்பெக்."

"உன் பேர யாரு கேட்டா? குழந்தை பேரு."

"அய்பெரி."

"அம்மா எங்க?"

"ரஷ்யாவுல. கேன்டீன்ல சமையல் வேலை."

"அப்ப இங்க நீதான் அம்மா. செருப்ப மாத்திக்கிட்டு வா."

அந்த வார்டு எனக்குப் புதிதல்ல. இலையுதிர்காலத்தில் அதன் திறப்பு விழாவைத் தொகுத்து வழங்கியவனே நான்தான். ரிப்பன், பலூன், பெரிய மனிதர்கள். சுவரில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஒன்றைத் திரை விலக்கித் திறந்தார்கள். கையில் கொடுத்த தாளைப் பார்த்து முழங்கினேன்: "ஆறு நவீன கண்ணாடி அறைகள்! இனி இங்கே ஒரு குழந்தையின் கண்ணீரும் சிந்தாது!"

சொன்னது பலித்தது. என் மகள் வாய் திறந்து அழுதாள். கண்ணீர் வரவில்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும்.

எங்களுக்கு ஐந்தாம் அறை. அறைக்கும் அறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். தொற்று பரவாது, சத்தமும் கேட்காது. ஆனால் எல்லாம் தெரியும்.

"அக்கா, ட்ரிப்ஸ் ஏத்துங்க. பெரிய பாட்டிலா பாத்து ஏத்துங்க."

புருல் அக்கா இரண்டு கையிலும் தேடினாள். காலில் தேடினாள். நரம்பு நழுவியது. டாக்டர் தமாரா வந்தார். பரிசோதனையில் ரோட்டா வைரஸ் என்று தெரிந்திருந்தது.

"மருந்து, டாக்டர்?"

"இதுக்குன்னு மருந்து கிடையாது. போன தண்ணி திரும்ப உள்ள போகணும். இந்த உப்புக்கரைசல கரண்டி கரண்டியா குடு."

"கரண்டியா? ஆஸ்பத்திரின்னு வந்தா கரண்டியக் குடுக்கறீங்க."

"பேச்ச விடு. சாயங்காலம் சுத்தி வருவேன். அதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிருக்கணும். இல்லன்னா கணவாயத் தாண்டி தலைநகரத்துக்கு, பிஷ்கெக் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

ஜன்னலைப் பார்த்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் போன ஆம்புலன்ஸ் கணவாயில் விடியும்வரை சிக்கி நின்றது.

புருல் அக்கா குழந்தையின் தொடையிடுக்கில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை ஒட்டினாள். "சிறுநீர் வந்தா இதுல தெரியும். பேதியோட கலக்காது." பை சுருங்கி, காய்ந்து கிடந்தது.

குழந்தை தாகத்தில் உதட்டை நக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது கோப்பையையே வாயில் வைத்தேன். மடமடவென்று குடித்தாள். ஆகா, இதற்குப் போய்க் கரண்டியா என்று நினைத்தேன்.

அடுத்த நிமிடம் அத்தனையும் என் வெல்வெட் கோட்டில் இருந்தது.

அப்போதுதான் அவளைக் கவனித்தேன்.

ஆறாம் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பூப்போட்ட அங்கியில் ஒரு பெண். மடியில் துணியில் சுற்றிய குழந்தை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இப்படி இல்லை என்பதுபோல. பிறகு அலுமினியக் கரண்டியைக் குழந்தையின் வாய் அருகே கொண்டுபோனாள். எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கினாள்.

பொறு.

மறுபடி கரண்டி. மறுபடி விரல்.

நானும் செய்தேன். ஒரு கரண்டி. பொறு. ஒரு கரண்டி. பொறு. வாந்தி வரவில்லை. நன்றி சொல்லத் தலை குனிந்தேன். அவள் பதிலுக்குக் குனியவில்லை.

மதியச் சாப்பாட்டு வண்டி வந்தது. எங்கள் அறையோடு திரும்பிவிட்டது. ஆறுக்குப் போகவில்லை. ஒருவேளை அவளுக்கு வீட்டிலிருந்து வருமோ என்னவோ...

அங்கி கோடைக்கால அங்கி. மெல்லிசு. வெளியே ஜன்னல் உறைந்திருக்கிறது.

இன்னொன்று. என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவளும் கண்ணாடியை ஒட்டித்தான் இருந்தாள். அவள் பக்கம் மங்கவே இல்லை.

இரண்டு மணி. புருல் அக்காவின் குரல் நடைவழியில் கேட்டது.

"அமைதி நேரம். அம்மாக்களே, படுங்க. நாலு மணி வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது."

"நான் அப்பா, அக்கா."

"இங்க தங்குறவங்க எல்லாரும் அம்மாதான். மைக் கையில இல்லன்னா உனக்கு வாய் மூடாதோ? படு."

விளக்குகள் அணைந்தன. பனியினால் பகலே சாம்பல் நிறமாகிவிட்டது. வார்டு அடங்கியது. நான் மகளை மடியில் வைத்து, கோப்பையைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு கரண்டி... பொறு... ஒரு கரண்டி...

கண் சொருகியது.

டிங்.

விழித்தேன். கண்ணாடியில் கரண்டி. அவள் தட்டுகிறாள். குழந்தையைக் காட்டினாள். ஊட்டினேன்.

மறுபடி கண் சொருகியது.

டிங். டிங்.

ஊட்டினேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் தூங்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் எழுப்பினாள். அவள் மட்டும் இமைக்கவே இல்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது.

இந்தக் கண்ணாடியில் சத்தம் வராது.

நான்காம் அறைக் குழந்தை மதியம் முழுக்கக் கத்தியது. வாய் அசைந்தது தெரிந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் இந்த டிங்...

ஆறாம் அறையை உற்றுப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த துணிச்சுருள். காலையிலிருந்து அது ஒருமுறைகூட அசையவில்லை. கரண்டி வாய் அருகே போகிறது. திரும்புகிறது. துணிக்குள் முகம் எங்கே...

அவள் தலையை நிமிர்த்தினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த பிரார்த்தனை எல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு கல்யாண வாழ்த்தும் வந்தது. பயத்தில்தான் மூடினேன். ஆனால் நாள் கணக்கான களைப்பு... அப்படியே தூங்கிப்போய்விட்டேன்.

டிங்.

இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது.

பக்கத்தில்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

கண்ணைத் திறந்தேன். முன்னால் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. யாரும் இல்லை. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது.

கட்டிலில் பூப்போட்ட அங்கி.

அய்பெரி அவள் மடியில்.

என் கையைப் பார்த்தேன். கோப்பை இல்லை.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

க்ளக்... என் மகள் விழுங்கும் சத்தம்.

க்ளக்...

வாயைத் திறந்தேன். ஆயிரம் பேர் முன்னால் மூச்சு விடாமல் பேசுகிற வாய். காற்றுகூட வரவில்லை.

கண்ணாடிக்குள் அவள் என்னைப் பார்த்தாள்.

ஒரு விரலைத் தூக்கினாள்.

பொறு.

பொறுத்தேன்...

விளக்கு எரிந்தது. நாலு மணி.

திரும்பினேன். கட்டிலில் மகள் மட்டும். அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஏதோ மின்னியது. தொட்டுப் பார்த்தேன். கண்ணீர்.

கோப்பை தலைமாட்டில் இருந்தது. காலி.

புருல் அக்கா வந்து துணியை விலக்கினாள். பையில் மஞ்சளாக, நிறைய இருந்தது. பின்னாலேயே வந்த டாக்டர் தமாரா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கணவாய் வேணாம். இங்கயே இருக்கட்டும். நல்லா ஊட்டியிருக்கியே."

"நான் ஊட்டல டாக்டர். ஆறாம் ரூம் அக்காதான்..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என் கால்சட்டையைப் பார்த்தார்கள். முன்பக்கம் முழங்கால்வரை நனைந்திருந்தது. புருல் அக்கா சிரித்தாள்.

"பை கசிஞ்சிருக்கு. பொண்ணு உன் மடியிலயே போயிட்டா. இரு, ஒரு அங்கி தரேன். ஆம்பளைக்குக் கிடையாது, பூப்போட்டதுதான் இருக்கு."

"வேண்டாம்" என்றேன். "அக்கா, ஆறாம் ரூம்ல..."

"எந்த ஆறு? அஞ்சுதான இருக்கு."

"நானே மைக்ல ஆறுன்னு சொன்னேனே."

"எழுதிக் குடுத்ததப் படிச்ச. அஞ்சுதான் ரிப்பேர் ஆச்சு. ஆறாவது கதவ விழாவுக்கு முன்னாடியே செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க. சுவரு அசிங்கமா இருக்குன்னு அதுக்கு மேலதான் அந்தப் பெயர்ப்பலகைய மாட்டினாங்க."

நடைவழிக்கு ஓடினேன். நான் கைதட்டச் சொல்லிக் கூட்டத்தை எழுப்பிய அதே பலகை. இருபது பெயர்கள், பொன் எழுத்தில். அதைச் சுற்றி வெள்ளைச் சுவர். கதவு இல்லை.

அறைக்குத் திரும்பி, கைபேசி விளக்கைக் கண்ணாடியில் அடித்தேன். அந்தப் பக்கம் உடைந்த தொட்டில்கள், கூரைவரை. ஒருவர் உட்கார இடமில்லை. கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் தூசி அப்பிக் கிடந்தது. உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில் மட்டும், கரண்டி முனை அளவில் சின்னச் சின்னத் தெளிந்த புள்ளிகள். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அவள் யார் என்று புருல் அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கேட்டேன். "கரண்டியக் கீழ வெக்காம இரு, அது போதும்" என்றாள். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஒரு கரண்டியும் தவறவில்லை. அய்பெரி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது ஓடுகிறாள். யாராவது அவசரப்பட்டால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். அதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் பல கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கால்சட்டை பற்றிய ஒரு விவரத்தை மட்டும் எங்கும் சொன்னதில்லை.

அன்று அந்தப் பை கசியவில்லை.