கட்டளை வைத்த வண்டி

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவன் முதலில் கட்டளை வைப்பான். மற்ற ஊர்க்காரர்கள் அதை வாசல் நிலை என்பார்கள். எங்களுக்கு அது கட்டளை. நாள் பார்த்து, நேரம் பார்த்து, அடியில் ஒரு பொட்டுப் பொன் வைத்து, ஆசாரிக்குப் புது வேட்டி கொடுத்து நிறுத்துவோம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் அதை இரண்டு சக்கரம் வைத்த ஒரு பெட்டியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கேதான் பிடித்தது சனி.

என் மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். நான் இங்கே கொல்லயில் என்கிற ஊர்ப் பக்கம் கொஞ்சம் ரப்பரும் ஒரு பழைய ஜீப்புமாக இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவாள். அவள் அக்கா வீடு, என் அண்ணன் வீடு, கல்யாணம், துக்கம் கேட்பது, பல் டாக்டர், பாங்கு என்று எல்லாருக்கும் பங்கு வைத்தது போக எனக்கு மிஞ்சுவது நாலைந்து சாயங்காலம். அதிலும் யாராவது பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு வாய் துறுதுறுக்கும். அவள் கண்ணாலேயே என்னை அடக்குவாள்.

ஒருநாள் வேலை முடிந்து நடந்து போகும்போது வீடியோவில் கூப்பிட்டாள். சாலையில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் வெள்ளையாக ஒரு குட்டி வீடு.

"பாத்தியளா, வீட்டைப் பொறத்தால கெட்டி இழுத்திட்டுப் போறாவ. நமக்கும் இப்பிடி ஒண்ணு இருந்தா எப்பிடி இருக்கும்! நின்ன எடத்துல கஞ்சி வச்சிக் குடிச்சிட்டு, பின்னயும் போலாம். ஒருத்தரும் தேடி வரமாட்டாவ" என்றாள்.

"அதுக்கென்ன, கெட்டிரலாம்" என்றேன்.

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒப்பந்தம் முடிகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுப்பிப்பதா, முடித்துக்கொண்டு ஊருக்கு வருவதா என்று அவள் யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த லீவில் வந்து இந்த வண்டியைப் பார்த்தால், அதில் என்னோடு நாலு நாள் சுற்றினால், திரும்பிப் போக அவளுக்கு மனசு வராது. இதுதான் என் கணக்கு. வேறு எந்த ஆயுதமும் என் கையில் இல்லை.

அமரவிளையில் எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர் உண்டு. உலகத்தில் தன்னால் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை என்று நம்புகிற ஆள். "அண்ணா, வண்டியா கெட்டப்போறோம்? வீடாக்கும் கெட்டப்போறோம்!" என்றான். அந்தப் பேச்சு எனக்குத் தேன் மாதிரி இனித்தது. பழைய டிரெய்லர் ஒன்றின் சேசிஸை வாங்கி, மேலே இரும்பில் கூடு கட்டித் தகரம் அடித்தான். உள்ளே எல்லாம் என் இஷ்டம். சொந்த விளையில் நின்ற, இரும்பு போன்ற அயனி மரத்தை அறுத்துக் கட்டிலும் அலமாரியும் செய்தேன். அடுப்பு வைக்கக் கருங்கல் பலகை போட்டேன். ஜன்னல்களுக்குக் கம்பி வைத்தேன். கம்பி இல்லாத ஜன்னலில் மனிதன் எப்படித் தூங்குவான்?

ஆசாரி வந்து கட்டளை வைத்தார். கிழக்கு பார்த்து வைத்தோம். அண்ணன் சும்மா இருக்காமல், "எலே, வண்டி வளைவு திரும்பினா கெழக்கு எங்க போவும்?" என்று கேட்டான். "நிறுத்தும்போ கெழக்கு பாத்து நிறுத்திக்கிடுவேன், உனக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

மழைக்காலத்தில் கூரை மூட்டுகளில் ஒழுகியது. ரப்பர்க்காரன் வீட்டில் என்ன செய்வார்கள்? வாளி நிறையப் பால் இருக்கிறது. துணியை ரப்பர்ப் பாலில் முக்கி மூட்டுக்கு மூட்டு ஒட்டினேன். மழைக்குச் சொட்டு இறங்கவில்லை. வெயில் வந்ததும் அது இளகி, பிசுபிசுத்து, வண்டி முழுக்க ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புரையின் நாற்றம். வீடியோவில் காட்டியபோது அவள், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாற்றம் போனில் போகாதது என் அதிர்ஷ்டம்.

அவள் வந்த இரண்டாவது வாரம் கிளம்பினோம். நெய்யாறு அணைக்கு அந்தப் பக்கம், மலையடியில், என் பழைய கூட்டுக்காரன் ஒருவனுக்கு ரப்பர்த் தோட்டம் உண்டு; ஓரமாக ஓர் ஓடை. அங்கே போய் நிற்பதாகத் திட்டம். அமரவிளையில் டீ குடிக்க நிறுத்தியபோது இரண்டு பேர் வந்து, "சேட்டா, ஓம்லெட் உண்டோ?" என்று கேட்டார்கள். நடமாடும் தட்டுக்கடை என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் ஜீப்புக்குள் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! அந்த இரண்டு பேருக்கும் நானே ஓம்லெட் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

காட்டாக்கடை வரை தார் ரோடு. ஒரு குழப்பமும் இல்லை. அதற்கு மேல் ரோடு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கல்லும் வேருமான தோட்டப் பாதையாயிற்று. வண்டியின் குணம் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் 'தடால்' என்று ஒரு சத்தம். ஜீப்பை வண்டியோடு கோர்க்கிற கொக்கி முன்னும் பின்னும் இடித்து இடித்து என் முதுகில் குத்துவது போல இருந்தது. நிறுத்தி உள்ளே பார்த்தால் அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. அரிசியும் மிளகாய்ப் பொடியும் கலந்து தரை முழுக்கச் சிவப்பு. தண்ணீர்க் குழாயின் மூட்டு கழன்று மெத்தை நனைந்துவிட்டது. கருங்கல் பலகை நடுவில் இரண்டாக விண்டிருந்தது. தகரத்தில் அடித்த ரிவெட்டுகள் கட்டளையைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு நின்றன. இரும்புக் கூடு பாதைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கிறது. என் அயனிக் கட்டளை மட்டும் வளையமாட்டேன் என்று நிற்கிறது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது, "சவம், ரிவெட்டு மோசம்" என்று வெல்டரைத் திட்டினேன்.

ஓடைக்குக் கொஞ்சம் முன்னால் இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. படீர் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் அடியில் ஸ்பிரிங் பிளேட் முறிந்திருந்தது. வெட்டிய ரப்பர்க் குற்றி ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்திருந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தரையைக் கூட்டி, தேயிலை போடலாம் என்று அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் நல்ல பிளேட் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டியளா, கதவு அனங்க மாட்டேங்குது."

"தள்ளுட்டி."

"தள்ளியாச்சு. இடிச்சும் பாத்தாச்சு."

சாய்ந்த வண்டியில், வளையாத கட்டளை மூட்டோடு கோணிக்கொண்டு கதவைக் கடித்துப் பிடித்திருந்தது. நான் வெளியிலிருந்து இழுத்தேன், உதைத்தேன். அயனி அயனிதான். சாய்ந்த மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு திறக்கும்; அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் பெட்டிகளுக்கு ஜீப்பில் இடம் வேண்டுமென்று ஜாக்கியைக் காலையில்தான் வண்டிக்குள், கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் அதை இழுத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கம்பி விடவில்லை.

"இந்தக் கம்பி என்னத்துக்கு?"

"கள்ளன் வந்தா?"

"இந்தக் காட்டுல ஆரு கள்ளன்? பன்னி வந்து அரிசி டப்பாவைத் தூக்கிட்டுப் போவுமாக்கும்!"

தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். வீட்டில் ஜாக்கி இருக்கிறது, இப்ப வாறேன் என்று பைக்கில் போனார். எங்கள் பக்கத்தில் 'இப்ப' என்றால் ஒரு பொழுது.

மழை தூறத் தொடங்கியது. அவள் சாய்ந்த அடுப்பில் பாத்திரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு தேயிலை போட்டு, கம்பி வழியாக எனக்கு ஒரு கிளாஸ் நீட்டினாள். கிளாஸ் மட்டும் தாராளமாக வந்தது. ஜெயிலில் ஆளைப் பார்க்க வந்தவன் போல ஜன்னலடியில் நின்று குடித்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரும் வராத இடத்தில், ஒரு அவசரமும் இல்லாமல், அவளும் நானும். இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"ஒரு காரியம் சொல்லணும். நான் ஒப்பந்தத்துல ஒப்புப் போட்டாச்சு. இஞ்ச வாறதுக்கு முன்னாலயே. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு."

கிளாஸ் கையிலேயே ஆறிப்போயிற்று.

"பின்ன எதுக்குட்டி இதுல ஏறி வந்த? நல்லா இருக்குன்னு எதுக்குச் சொன்ன?"

"நல்லாத்தான் இருக்கு. பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கிய. ஆனா நான் கேட்டது போறதுக்கு. நீங்க செஞ்சது இருக்கதுக்கு."

நான் ஓடைப் பக்கம் நடந்தேன். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இந்த வண்டியோடு மல்லுக்கட்டியது எதற்காக? திரும்பி வந்தபோது அவள் அதே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்; வேறு எங்கே போவாள்?

"எப்ப வாற, எப்ப வாறன்னுதான் இத்தன வருஷமா கேக்கிய. அங்க நான் வாறேன்னு நீங்க ஒரு நாளாவது சொன்னதுண்டா?"

"ரப்பரை ஆரு வெட்டுவா?" என்றேன். யோசிக்காமல் வந்தது. கேட்ட எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஊருல வேற ஆளே இல்ல, செரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழை வலுத்தது. நான் நனைந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கை கம்பி வழியாக வெளியே வந்தது, தலை துவட்ட ஒரு துவர்த்தோடு. துவர்த்தை வாங்கித் தலையில் போட்டேன். கையை விடவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கோபம் இருந்தது, கையும் இருந்தது.

பைக்கில் போனவர் ஜாக்கியோடு வந்தார். மூலையைத் தூக்கத் தூக்க, கட்டளை நேராகி, கதவு யாரும் தொடாமலே 'டக்'கென்று திறந்தது. அவள் இறங்கி வந்து முறிந்த பிளேட்டைப் பார்த்து, கிழிந்த டயரைப் பார்த்து, "ரெண்டு நாளு இஞ்சதான்" என்றாள். அப்படியே ஆயிற்று. காட்டாக்கடையிலிருந்து பிளேட் வந்து சேரும்வரை ஓடையில் குளித்தோம், மிளகாய்ப் பொடி கலந்த அரிசியில் கஞ்சி வைத்தோம், காரம் தாங்காமல் சிரித்தோம். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு நாளில் இருந்தது. வண்டி ஓடியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

லீவு முடிந்தது, போனாள். வண்டி வெல்டரிடம் போயிற்று. கருங்கல், கம்பி, கட்டளை எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். "அண்ணா, பின்ன வீட்டுல என்ன மிச்சம்?" என்று அவன் வருத்தப்பட்டான். இப்போது மெல்லிய அலுமினியக் கதவு. என்ன ஆட்டம் ஆடினாலும் திறக்கிறது, மூடுகிறது. அதைத் திறந்து மூடத்தான் ஆளில்லை.

விடியக்காலம் ரப்பர் வெட்டக் கிளம்பும்போது அவளுக்கு அங்கே நடுராத்திரி. மழை பெய்து வெட்டு இல்லையென்றால் அதை முதலில் அவளிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. எழுப்பிவிடக் கூடாதே என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் எழும் நேரத்தில் அந்தச் சேதி பழசாகிப் போகும்; சொல்லாமல் விட்டுவிடுவேன். இப்படிச் சொல்லாமல் விட்டதுதான் எங்கள் கல்யாணத்தில் பாதி.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது, சாப்பிட்டியளா என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்: "நான் வாறேன்."

ரப்பரை வெட்ட ஆள் பார்த்திருக்கிறேன், பாஸ்போர்ட்டுக்கு இனிமேல்தான் எழுதிப் போட வேண்டும், அது வந்து, விசா வந்து என்று என்னென்னவோ உளறினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"எப்ப?" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை வருஷமும் கேட்டவன் நான்; அந்த ஒரு சொல்லைக் கேட்க நெஞ்சில் எவ்வளவு ஏக்கம் வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னிடம் சொல்ல ஒரு தேதி இல்லை.