பிளாஸ்திரியில் எழுதிய கணக்கு

ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, அதைப் பிளாஸ்திரித் துண்டில் எழுதி மருந்து அலமாரியில் ஒட்டிய முட்டாள் வேறு யாருமில்லை, நான்தான். 'குழந்தையின் எடையை ஆறால் பெருக்கு, பத்தால் வகு. வருவது எத்தனையோ அத்தனை மில்லி காய்ச்சல் மருந்து.' அடியில் என் கையெழுத்து வேறு, ஏதோ சூத்திரம் கண்டுபிடித்தவன் மாதிரி.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அன்று பகல் வேலைக்கு வர வேண்டியவர் வரவில்லை. முந்தின இரவு வேலை பார்த்த நானே தொடர்ந்தேன். பதினோரு மணி வாக்கில் கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருந்தன.

பத்துக் கிலோ குழந்தை. அனலாய்க் கொதித்தது. டாக்டர் மில்லிகிராமில்தான் எழுதுவார். நூற்றைம்பது என்று எழுதியிருந்தார். அதை மில்லியாக்குவது என் பாடு. பிளாஸ்திரியைப் பார்த்தேன். ஆறு மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு, "வாயத் தொறங்க சாமி" என்று குனிந்தேன்.

குழந்தையின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. போன மாசமும் இதே ஆறு மில்லிதானுங்க குடுத்தீங்க. அந்தப் பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருவத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு. இதுல எரநூத்தம்பதுங்க."

சரக்கு மாறியிருந்தது. வீரியம் இரு மடங்கு. மூன்று மில்லிதான் தர வேண்டும். ஒரு வேளையோடு போயிருந்தாலாவது தேவலை. 'ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா இதே அளவு' என்று சொல்லி வீட்டுக்கும் அனுப்பியிருப்பேன். அந்தப் பிஞ்சுக் கல்லீரல் என்னத்துக்கு ஆகும்? தூக்கம் தெறித்து ஓடியது. களைப்பு மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சிரிஞ்சைக் காலி செய்து மறுபடி உறிஞ்சினேன். சிரிஞ்சின் மூன்று மில்லிக் கோட்டை அந்த அம்மா பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் குழந்தையின் வாயில் விட்டேன். பிளாஸ்திரியைக் கிழித்தெறிந்தேன். டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லி, நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பினேன்.

"எப்படீங்க கண்டுபிடிச்சீங்க?"

"பண்ணைல அஞ்சாயிரம் கோழி இருக்குதுங்க. தண்ணில மருந்து கலக்கறது நாந்தான். பாட்டில் மாறுனா பவரும் மாறுமுங்க. லேபிளப் படிக்காம மூடியத் தொறக்க மாட்டேன்."

வழக்கம்போல் அசடு வழிந்தேன். "அப்ப உங்க பண்ணையிலயே எனக்கொரு வேல போட்டுக் குடுங்களேன்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே சொன்னார்:

"கோழி செத்துப்போயிருமுங்க."