சீஃப் ரசித்த சத்தம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்திருக்கிறார்கள். போன வாரம் ரிப்பன் வெட்ட எங்கள் பழைய சீஃப் டாக்டர் வந்திருந்தார். பொன்னாடைகளைச் சுமந்துகொண்டு மைக்கைப் பிடித்தவர், "அந்தக் காலத்துல பேஷண்ட்தான் எங்களுக்குப் புத்தகம். அந்த மாதிரி கேஸ் எல்லாம் இப்ப எங்க கிடைக்குது?" என்று உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரை இருப்பதால் எப்படியும் தொட்டிருக்கக் கூடாது. அது வேறு விஷயம்.

அந்தப் புதுத் தரையில் ஃபினாயில் வாடை. அது மூக்கில் ஏறினால் போதும், நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு திரிந்த நாட்களுக்குப் போய்விடுவேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த, வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி. என் உத்தியோகம் என்னவோ நோயாளிகளின் நெஞ்சில் ஜெல்லி தடவுவதுதான். ஊருக்கு வந்தால் மட்டும் பாதி டாக்டர் மாதிரி நடப்பேன்.

சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் வார்டைக் கழுவி, சொந்தக்காரர்களைத் துரத்தி, தரையில் படுத்திருந்தவர்களை வராந்தாவுக்குத் தள்ளிவிடுவார்கள். பின்னாலேயே கோட்டுப் போட்ட மாணவர் கூட்டம். அவர் தும்மினால்கூடக் குறிப்பெடுக்கிற கூட்டம் அது.

அந்த வார்டுக்குத்தான் குருவிகுளத்திலிருந்து கோமதி வந்தாள். இதய வால்வு சுருங்கி, கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். புருஷன் மாரியப்பன் பருத்திக் காட்டைப் போட்டுவிட்டு வராந்தாவில் கிடந்தான். நம் பக்கத்து ஆள் என்று என்னையே சுற்றி வருவான். ஆப்பரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று சின்ன டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் செய்துவிட்டால், சுருங்கிய வால்வால் அவள் நெஞ்சில் கேட்கிற அந்த 'மர்மர்' சத்தம் போய்விடும். சீஃப் அவள் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்க மனமில்லாமல் நின்றார்.

"என்ன அருமையான மர்மர்! பசங்க பரீட்சைக்கு வச்சுக்குவோம். அதுவரைக்கும் சர்ஜரிக்கு அனுப்பாதீங்க."

பையன்கள் வரிசையில் நின்று அவள் நெஞ்சில் பாடம் படித்தார்கள். மாரியப்பன் எப்போது கேட்டாலும் "பரீட்சை முடியட்டும்" என்ற ஒரே பதில்தான்.

பரீட்சை அன்று காலை அவன் அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டான். "பயப்படாதட்டி. கேட்டா பட்டுன்னு பதில் சொல்லு. இருமிராத" என்றான். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் சீஃப் சிரித்த முகத்தோடு வெளியே வந்ததும், ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, கோமதி பாஸாயிட்டாளா? இனி ஆப்பரேசன் பண்ணிருவாவல்லா?"

பரீட்சை அவளுக்கு என்று நினைத்திருக்கிறான், அவள் தேறினால்தான் ஆப்பரேஷன் என்று. "பாஸ்தான் மாரியப்பா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? நின்ற இடத்திலேயே சங்கரன்கோவில் அம்மனை நினைத்துக் கும்பிட்டான்.

சர்ஜரி வார்டில் நாள் குறிப்பதற்குள் கோமதி போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுநாளும் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். காலிக் கட்டிலைப் பார்த்து, "ச்சே, நல்ல கேஸ்" என்றார். நல்ல கேஸாம்! அந்த ஆளுக்குத்தான் ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துகிறது.

இப்போது நெஞ்சுச் சத்தங்களை ரப்பர் பொம்மைக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பரீட்சைக்கென்று ஆளைப் பிடித்து வைக்கிற வழக்கம் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். நல்லது, ஒழியட்டும். கோமதி இருக்கும்போதே ஒழிந்திருக்கக் கூடாதா?