அருவி தெளிவிக்காத மயக்கம்

இந்த நாட்டுக் குளியலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் கை வெந்துபோகும் வெந்நீர், மற்றொன்றில் விரல் விறைத்துப்போகும் பச்சைத் தண்ணீர். தொட்டியின் இரண்டு மூலைகளில் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே குழாயாக விட்டால் என்ன குறைந்துபோகும் என்று, கொவென்ட்ரிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹாரிஸிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் குழாய் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பிளம்பரை அனுப்பிவைத்தார். வந்த மனிதர் இரண்டையும் திறந்து பார்த்தார், இரண்டும் நன்றாகத்தான் வருகின்றன என்றார், ஒரு கோப்பை டீ குடித்துவிட்டுப் போனார்.

தெரு முனையில் ஒரு பப் இருக்கிறது. மதுக்கடைதான், ஆனால் இங்கே அது நம் ஊர்த் தேநீர்க்கடை மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் அதன் வாசற்படியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து கிரிஸ்ப்ஸ் என்கிற உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டு, உள்ளே குடித்துக்கொண்டிருக்கும் தகப்பனுக்காகக் காத்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ச்சாரியில் நடந்தேன். மதுவிலக்குச் சட்டத்துக்குள் வளர்ந்த தென்காசிக்காரி வேறு என்ன செய்வாள்? "உங்கள் ஊரில் குடியே கிடையாதாமே, கொடுத்துவைத்தவர்கள்" என்றார் மிஸஸ் ஹாரிஸ். கிடையாது என்று சட்டம் சொல்கிறது, அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஆங்கிலம் 'கிடையாது' என்ற இடத்திலேயே நின்றுபோனது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

சொல்ல வந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்களுக்கும் சேர்த்து.

எனக்கு ஒரே தம்பி, சங்கரன். அப்பாவுக்குத் தென்காசி ரத வீதியில் ஜவுளிக்கடை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரனுக்கு டைபாய்டு வந்து, பிழைத்தது பெரிய காரியமாகிவிட்டது. எலும்பும் தோலுமாக எழுந்தவனுக்கு உடம்பு தேறட்டும் என்று அம்மா செங்கோட்டை வைத்தியசாலையிலிருந்து அரிஷ்டம் வாங்கிக் கொடுத்தாள். செங்கோட்டை அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. அரிஷ்டம் மருந்துதான், அளவோடு குடித்தால். ஆனால் புளித்து ஊறிய சரக்கு. நம் பக்கம் சாராயக்கடை மூடிய பிறகு மருந்துக்கடையில் அரிஷ்டம் ஏன் அப்படி விற்றது என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சலால் ஒரு வருஷப் படிப்பும் போயிருந்தது. கூடப் படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விட, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு பெஞ்சியில் உட்கார வேண்டியதாயிற்று அவனுக்கு. அந்த வயசில் அது சின்ன அவமானமில்லை.

பிறகு அவனுக்குப் புதுச் சேக்காளிகள் வந்தார்கள். மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சுகிற இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்தது வேறு. மத்தியானம்வரை தூங்குவான். ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பான். பல் கூசுகிறது என்று கொய்யா இலையை மென்றபடியே வீட்டுக்குள் வருவான். வாடையை மறைக்கத்தான் அந்த இலை. அம்மாவோ, பிள்ளை மெல்ல வேண்டுமே என்று புழக்கடை மரத்தில் கொழுந்தாகப் பார்த்துப் பறித்துத் தானே வைத்திருப்பாள். அப்பா வயசுக்கோளாறு என்றார், அம்மா பித்தம் என்றாள். மூன்றாவதாக ஒரு சொல் இருந்தது. அது எங்களைப் போன்ற வீடுகளுக்கானது இல்லை என்று நினைத்திருந்தோம்.

ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் சங்கரன் தள்ளாடிக்கொண்டு வந்தான். முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தான், உடனே அழுதான், அம்மாவையே யார் என்று கேட்டான். புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், தலை நிறைய எண்ணெய் வைத்து, பேரருவிக்குக் கீழே பிடித்து நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். சீசனில் அப்படிச் சிலரை எப்போதும் பார்க்கலாம். "அருவியில நிப்பாட்டுனா தெளிஞ்சிரும்" என்றார் அப்பா. குதிரை வண்டி வந்தது. அம்மாவோடு நானும் ஏறிக்கொண்டேன்.

அப்பாவும் கடைக் கணக்கப்பிள்ளையும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனைத் தண்ணீருக்குள் நிறுத்தினார்கள். முதலில் சிரித்தான். அப்புறம் பல் கிட்ட நடுங்கினான். அப்புறம் நடுக்கமும் நின்றுபோய்த் துவண்டான். துவட்டி, வண்டியில் மல்லாக்கக் கிடத்தினார்கள். அம்மா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தூங்குதான். பித்தம் எறங்கிட்டு. யாரும் எழுப்பாதிய" என்றாள். அவள் முகத்தில் பல மாதமாக இல்லாத நிம்மதி. நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது. அருவித் தண்ணீரின் குளிர்ச்சி என்று நினைத்தேன். வழியில் அவன் தொண்டையில் ஏதோ கரகரத்தது. "கொறட்டையப் பாரு" என்று அம்மா சிரித்தாள். தென்காசி வந்து எழுப்பிப் பார்த்தபோது அவன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் வாயருகே குனிந்தார், நிமிர்ந்தார். "அண்ணாச்சி, பையன் நெறையக் குடிச்சிருக்கான். மல்லாக்கப் போட்டதுல வாந்தி மூச்சுக்கொழல்ல போயிட்டு."

"குடியா?" என்றார் அப்பா. "எங்க வீட்ல கெடையாதே. நம்ம ஊர்லயே கெடையாதே டாக்டர்."

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. ஜன்னி கண்டு இறந்தான் என்று ஊருக்குச் சொன்னோம். மறுவருஷம் கல்யாணம் ஆனபோது என் புகுந்த வீட்டுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

இப்போது என் மகன் குமாருக்குப் பதினைந்து வயது, கிட்டத்தட்டச் சங்கரனின் வயது. கொஞ்ச நாளாகப் பெப்பர்மின்ட் மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தான். அந்த வாசனை எனக்குக் கொய்யா இலை வாசனையாகவே பட்டது. கணவரிடம் சொன்னேன். "இங்கன எல்லாப் பிள்ளையளும் முட்டாய் திங்குது. ஒனக்கு எதுலயும் சந்தேகம்" என்றார். அவர் பெரிய கார்த் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். கோடு எங்கே கோணுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. வீட்டில் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். குமாரைப் படியில் சாத்திவிட்டு இரண்டு பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பார்க்கில் வைத்துச் சைடர் என்கிற ஆப்பிள் மதுவும், அதன்மேல் யார் வீட்டிலிருந்தோ எடுத்து வந்த விஸ்கியும் குடித்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. குமார் அப்படியே வீட்டு நடைக்குள் சரிந்தான். சத்தம் கேட்டு மிஸஸ் ஹாரிஸ் ஓடி வந்தார். "பையன்கள் என்றால் இப்படித்தான். குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுங்கள், கண்ணே, சரியாகிவிடும்" என்றார். அதே நேரம் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் கணவரின் குரல்: "தூக்கிட்டு வா, தண்ணியில நிப்பாட்டுவோம். தெளிஞ்சிருவான்." இரண்டு நாடும் ஒரே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாடியில் பச்சைத் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் விழுகிற இரைச்சல் படியிறங்கி வந்தது.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. குழாயை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"பச்சத் தண்ணி வேண்டாங்க. என் தம்பி ஜன்னியில சாகல."

நின்ற நிலையிலேயே நாலு வார்த்தையில் சொன்னேன். அவர் கம்பளியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். குமாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டதும் மிஸஸ் ஹாரிஸ் தன் வீட்டு டெலிபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வருவதற்குள் குமார் வாந்தியெடுத்தான். எல்லாம் தரைவிரிப்பில் போனது. என் ஆயுளில் ஒரு அசிங்கத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

குடித்த உடம்பு உள்ளுக்குள் சூட்டை இழந்துகொண்டே இருக்குமாம். குளிர்ந்த தண்ணீர் மயக்கத்தைத் தெளிவிக்காது, இருக்கிற சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். தட்டியும் எழாத பிள்ளையைத் தூங்கட்டும் என்று விடக்கூடாது. ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஆனால் பெற்றவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதற்கும் முந்தியது. நம் வீட்டில் இது நடக்காது என்கிற எண்ணம் இருக்கிறதே, அதுதான் பிள்ளைக்கு மறைவிடம். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ஊரில் இருப்பவர்களும், நம் வளர்ப்பு பார்த்துக்கொள்ளும் என்று இங்கே இருப்பவர்களும் தூங்குகிறோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குமாரிடம் ஏன் என்று கேட்டேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிய நேரமாயிற்று.

"குடிச்சா மட்டுந்தாம்மா அவனுக என்னைக் குமார்னு கூப்பிடுதானுக. இல்லன்னா வேற பேரு" என்றான்.

அந்த வேறு பேரை அவன் சொல்லவில்லை. தோலின் நிறத்தை வைத்து என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சங்கரனிடம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதென்றால், அது நடக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வேண்டும் என்றான். தொட்டியருகே மண்டியிட்டு இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் விழுகிற மூலையில் பேரருவி கேட்டது. மற்றவர்களுக்கு ஊர் ஞாபகமாக இனிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை குழாயை மூடப் போயிற்று. ஆனாலும் அதை மூடிவிட முடியாது, வெந்நீர் மட்டும் பிள்ளையின் உடம்பைப் பொசுக்கிவிடும். ஒரு கை சுட, ஒரு கை விறைக்க, தொட்டிக்குள் இரண்டையும் அளைந்து அளைந்து கலந்துகொண்டிருந்தேன். "போதும்மா, வெதுவெதுன்னுதான இருக்கு" என்றான் குமார், பின்னால் நின்று. எனக்கு அது தெரியவில்லை. என் இரண்டு கைகளும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.