காகம் தொடாத சோறு

போன வருடம் ஆடி அமாவாசை. கலிபோர்னியாவில், பிளசன்டனில் எங்கள் வீட்டின் பின்பக்கம். அப்பா இறந்ததிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் மரத்தளமான டெக்கின் கைப்பிடி மேல் அவருக்காகச் சோறு வைப்பது என் வழக்கம். ஒரே காகம்தான் வரும்; அப்படித்தான் நாங்கள் நம்பினோம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைக் கண்டதும், "அம்மா, தாத்தா இஸ் ஹியர்! எக்ஸ்ட்ரா நெய் வேணுமாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள்.

அன்றும் காகம் வந்தது. சோற்றைத் தொடவில்லை. இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனேன், பறக்கவில்லை. தத்தி நடந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திதியில் என்ன குறை வைத்தேனோ, அப்பாவுக்கு என்ன கோபமோ என்றுதான் மனம் ஓடியது.

"அம்மா, இட்ஸ் சிக். டெட் க்ரோ பாத்தா கவுண்ட்டிக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு பயாலஜி டீச்சர் சொன்னாங்க."

"நல்ல நாளும் அதுவுமா டெட் கிட்டுன்னு பேசாதடி" என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் ரோஜாச் செடியடியில் காகம் செத்துக் கிடந்தது. எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கலங்கிப்போய் எழுதினேன். எந்தக் கோவில், என்ன பரிகாரம் என்று வரிசையாகப் பதில்கள். தங்கள் வீட்டு வாசலிலும் ஒரு காகம் செத்துக் கிடந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் பரிகாரம்தான் சொன்னார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள், ஓரிருவர் மருத்துவர்கள். கணவர் காகத்தைக் குழி தோண்டிப் புதைத்தார். நான் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி வீடு. என் கணவரின் நண்பருடையது. வேலை மாறி டெக்சாஸ் போனவர், நல்ல விலை வரட்டும் என்று பூட்டிவிட்டுப் போயிருந்தார். பின்னால் இருந்த நீச்சல் குளத்தின் பம்ப் நின்று, தண்ணீர் கீரை கடைந்ததுபோலக் கிடந்தது. மாலையில் டெக்கில் உட்கார்ந்து படிக்கும் மகள் காலைச் சொறிந்துகொண்டே இருப்பாள். அந்தக் குளத்தைப் பற்றிக் கவுண்ட்டி என்கிற மாவட்ட நிர்வாகத்திடம் புகார் செய்யலாமா என்று கணவரிடம் கேட்டிருந்தேன்.

"நம்ம ஆளுடி. நாமளே போட்டுக் குடுக்கறதா? ஃபைன் தீட்டிடுவாங்க" என்றார். அப்புறம் சிரித்தார். "கூவம் கொசுகிட்டயே தப்பிச்சு வந்தவங்க நாம. அமெரிக்கக் கொசு என்ன பண்ணிடும்?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

பள்ளி திறந்த வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல், தலைவலி. ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தோம். ஒரு காலையில் கண்ணாடி முன் நின்று, "அம்மா, என் ஹேண்ட் மேல போக மாட்டேங்குது" என்றாள். தலையைக் கட்டத் தூக்கிய இடது கை பாதியில் தொங்கியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு குழறிவிட்டது.

முதுகுத் தண்டு நீரைச் சோதித்துவிட்டு, வெஸ்ட் நைல் வைரஸ், மூளை வரை போயிருக்கிறது என்றார் மருத்துவர். பறவைகளிடம் இருக்கும் கிருமி. பறவையைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் வருகிறது. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரை இப்படிச் சாய்த்துவிடும். நேரடி மருந்து இல்லை, உடம்பேதான் போராட வேண்டும். குதிரைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறதாம், மனிதர்களுக்கு இல்லையாம். கடைசியாக ஒன்று கேட்டார்: வீட்டருகே செத்த காகம் எதையாவது பார்த்தீர்களா? இந்தக் கிருமிக்கு முதலில் சாவது பெரும்பாலும் காகங்கள்தானாம். அவை சாகத் தொடங்கினால் மனிதர்கள் உஷாராக வேண்டுமாம். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அன்று மகள் கண்ணைத் திறக்காமலே, "தாத்தா சாப்ட்டாச்சா?" என்று முனகினாள். இவ்வளவு சுத்தமான தமிழில் அவள் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

கவுண்ட்டியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்தக் குளம் முழுக்கக் கொசுப்புழு. எந்தக் கொசு எங்கிருந்து வந்து கடித்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஒரு வாளியில் சின்னச் சின்ன மீன்களைக் கொண்டுவந்து குளத்தில் விட்டார்கள். புழுக்களை அவை தின்றுவிடுமாம். ஒரு ஃபோன் செய்திருந்தால் அப்போதே இலவசமாக விட்டிருப்பார்களாம். எடுத்தவுடன் யாருக்கும் அபராதம் போடுவதில்லையாம். எந்த அபராதத்துக்கு நாங்கள் பயந்தோமோ!

விஷயம் தெரிந்து டெக்சாஸிலிருந்து நண்பர் கூப்பிட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு சிஸ்டர். குழந்தைக்காக ப்ரே பண்றோம். ஒரே ஒரு ரெக்வெஸ்ட். பூல் விஷயத்த குரூப்ல எதுவும் போட்டுடாதீங்க. இப்பதான் வீட்டுக்கு ஒரு பையர் வந்திருக்காங்க."

வீடு நல்ல விலைக்குப் போனது. கிரகப்பிரவேசத்துக்குப் புதியவர்கள் எங்களையும் அழைத்தார்கள். போகவில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். எல்லோரும் கடவுள் புண்ணியம் என்கிறார்கள். இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லை. அடுத்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டியவளுக்கு, மழலையர் பள்ளிக் குழந்தைக்குப் போல, தினமும் காலையில் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். "அன்னிக்கே சொன்னேனே" என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இந்த ஆடி அமாவாசைக்கும் சோறு வைத்தேன். வேறொரு காகம் வந்து நன்றாகவே தின்றது. கணவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். எனக்கு அது முடியவில்லை. அப்பா ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று அன்றைக்கு அவ்வளவு நேரம் அந்தக் காகத்தின் முன்னால் நின்றேனே. அதற்கு உடம்பு சரியில்லை என்பதுதான் சேதி என்று என் மகளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.