சித்திரை ஒன்றா, மீனம் முப்பதா

பக்கத்து ஃபிளாட் மலையாளிப் பெண் காலையில் பலாச்சுளைக் கிண்ணத்தோடு வந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு இன்னைக்கே வருஷப்பிறப்பு. ஞங்ஙளுக்கு நாளைக்குத்தான் விஷு. அதெந்தா அப்படி?" என்றாள். பதில் சொல்வதற்குள் பலாப்பழ வாசனை என்னை மலையாள நாட்டில் நாங்கள் முன்பு குடியிருந்த ஆரியசாலை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா சக்கைப் பிரதமன், அதான் பலாப்பழப் பாயசம், வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா பஞ்சாங்கத்தில் பெரிய ஆள் என்று ஊரில் பேர். அவர் இரண்டாம் தம்ளரையும் குடித்து முடித்துவிட்டு, நான் பிறந்த நாளை விசாரித்தார்.

"சித்திரை ஒண்ணாம் தேதி அண்ணாச்சி," என்றார் அப்பா.

"எந்த வருஷம்?"

அப்பா சொன்னார். பெரியப்பா மனதுக்குள் ஏதோ கூட்டினார். "அண்ணைக்கு இங்க மலையாளக் கணக்குல மீன மாசம் முப்பதுல்லா? விஷு மறுநாளுதான். தேதியிலேயே கள்ளம்னா, பொண்ணுல என்ன கள்ளமோ!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் நாஞ்சில்நாட்டுக் கணக்குப்பிள்ளை; கள்ளம் என்ற சொல்லை அதுவரை அவர்மேல் யாரும் எறிந்ததில்லை. அதன்பின் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அந்தச் சிரிப்பு இருக்கிறது.

நான் அப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளியில் பௌதிகம் என்னைக் கண்டாலே ஓடும். ஆனாலும் நூலகத்தில் வானியல் புத்தகங்களை எடுத்தேன். கடையில் கிடந்த இரும்பு வளையத்தைச் சூரியப்பாதையாக வைத்துக்கொண்டு, சாக்பீஸால் பன்னிரண்டு ராசியாகப் பிரித்தேன். முதலாளி எனக்குக் கிறுக்கு என்றே முடிவுகட்டினார். கிறுக்கு இல்லை, வெறி. கடைசியில் பிடிபட்டது. நான் பிறந்த அன்று சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது பிற்பகல் மூன்று மணிக்கு மேல்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். எங்கள் சமுதாய ஹாலில் அந்தப் பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வந்தார். முடித்ததும் எழுந்தேன்.

"சார், சூரியன் ஒண்ணு. மேஷத்துல நுழையுத நேரமும் ஒண்ணு. பின்ன சித்திரையும் விஷுவும் ஏன் சில வருஷம் ரெண்டு நாளா வருது?"

"தமிழ்நாட்டுக் கணக்கு தெற்று, சுத்தத் தப்பு, அதான்."

"இல்ல சார். சாயங்காலம் சூரியன் மறையுதுக்குள்ள நுழைஞ்சா அங்க அண்ணைக்கே ஒண்ணாம் தேதி. இங்க உச்சி கழிஞ்சு கொஞ்ச நேரத்துக்குள்ள நுழையணும், இல்லேன்னா மறுநாளு. எங்கப்பா கள்ளம் சொல்லல. ஒங்களுக்குத்தான் கணக்கு தெரியல."

ஹால் சிரித்தது. அதற்காகத்தானே காத்திருந்தேன். அவர் தண்ணீர் தம்ளரை எடுத்தார். தண்ணீர் வேட்டியில் சிந்தியது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"விஷுன்னா பகலும் ராத்திரியும் சமமாகுத நாளுல்லா? அது மூணு வாரம் முன்னாலேயே போயிருதே, ஏன் சார்?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணி சிந்தினத இன்னொருக்கா சொல்லு மக்களே," என்றார். சொன்னேன். அன்று மூன்று தடவை சொன்னேன்.

ஹால் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. இரும்புக்கடையும் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். பெரியப்பா காலமான செய்தி வந்தபோது நான் கிரகணக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன். அவரிடம் கேட்க இன்னும் நாலு கேள்வி சேர்த்து வைத்திருந்தேன்.